ஒழுகும் குழாய்: நாமே திருத்துவதா, ஆளை அழைப்பதா?

வீடு என்று ஒன்று இருந்தால், அங்கே என்றேனும் ஒருநாள் ஒழுகும் குழாய் ஒன்றும் இருக்கவே செய்யும். குசினியிலோ, குளியலறையிலோ, வளவின் மூலையிலோ அது சொட்டிக்கொண்டிருக்கும். முதல் நாள் அந்த ஓசை நம் நித்திரையைக் கலைக்கின்றது. ஒரு வாரத்தில் காதுக்குப் பழகிவிடுகின்றது. ஒரு மாதம் சென்றதும், அதன் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு, அதுவே பரிகாரமென்று அமைதியடைந்து விடுகின்றோம். "பைப் வேலைக்கு ஆள் சொல்லியிருக்கிறேன்" என்பார் குடும்பத் தலைவர். சொல்லப்பட்ட ஆளோ, பெரிய கட்டட வேலைகளுக்கிடையே இச்சிறு பணிக்கு வர நேரமின்றி இருப்பார்.

இதற்கு நேர்மாறான இல்லங்களும் உண்டு. அங்கே குடும்பத் தலைவர் எதையும் விட்டுவைப்பதில்லை. சுவரை உடைத்துக் குழாயைத் தேடுவார், மோட்டாரைக் கழற்றுவார், மலசலகூடக் குழியையும் தாமே திறந்து பார்ப்பார். கூலி மிச்சம் என்பது அவர் எண்ணம். மிஞ்சிய கூலியைப் போல மும்மடங்கு பின்னர் செலவாவதும் உண்டு.

முன்னவர் ஒன்றையும் தொடமாட்டார். பின்னவர் ஒன்றையும் விடமாட்டார். இவ்விருவருக்கும் இடையிலே ஓர் எல்லைக்கோடு இருத்தல் வேண்டும். எந்தப் பழுதை நாமே திருத்தலாம், எதற்குத் தொழில் கற்றவரை அழைக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கோடு அது. நம்மிடம் ஆயுதங்கள் உண்டா, நமக்குத் துணிவு உண்டா என்பவை மட்டும் இக்கோட்டை வரையறுப்பதில்லை. "என் கை தவறினால் அதன் விளைவு யாரைச் சேரும்?" என்ற கேள்வியே அதனை வரையறுக்கின்றது. மட்டக்களப்பு வாவிக்கரையிலே வாழும் நமக்கு இக்கேள்வி மற்றையோரைவிடச் சற்று நெருக்கமானது. ஏனென்பதை அறிய, நம் வீட்டு நீர் எங்கிருந்து வருகின்றது என்பதை முதலில் நோக்குவோம்.

இரு கரைகளின் நீர்

வடக்கே ஏறாவூர்ப் பகுதியிலிருந்து தெற்கே கல்முனைப் பகுதி வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு நமது வாவி நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்கே சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே சூரியன் படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரை என்பது பெரும்பாலும் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பட்டியாகும். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி முதலான ஊர்களெல்லாம் இம்மணலின் மீதே நெருங்கி அமைந்துள்ளன.

இருபுறமும் உவர்நீர் சூழ்ந்திருக்க, நடுவிலே கிணறு தோண்டினால் நன்னீர் கிடைப்பது எவ்வாறு? பெய்யும் மழை மணலினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதக்கின்றது. உவர்நீர் அடர்த்தி கூடியது. நன்னீர் அடர்த்தி குறைந்தது. ஆதலின் பாலின்மேல் ஆடை படிந்திருப்பது போல நன்னீர் மேலே தங்குகின்றது. ஒல்லாந்தரான கைபென் என்பவரும் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் என்பவரும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தனித்தனியே இதனைக் கணக்கிட்டனர். அக்கணக்கின்படி, நன்னீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி உயர்ந்திருப்பின், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். அளவுக்கு மீறி இறைத்து மேலே 1 அடி குறைத்தால், காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் பல அடி மேலேறும். ஒரு வளவின் கிணறும் அடுத்த வளவின் கிணறும் வேலியால் பிரிக்கப்பட்டிருப்பினும், அவற்றின் அடியில் இருப்பது ஒரே நீர்தான்.

துலாவிட்டு இறைத்த காலத்தில் கயிற்றை இழுத்த கைக்கு நீரின் பாரம் தெரிந்திருந்தது. மின்மோட்டார் வந்தபின் விரலால் ஓர் ஆளியை அழுத்தினால் தாங்கி நிறைகின்றது. பின்னர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாய்நீரும் வந்து சேர்ந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு நிறைவேறிய திட்டத்தின் கீழ், படுவான்கரையிலுள்ள உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவிலே சுத்திகரிக்கப்பட்டு, வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வருகின்றது. வேளாண்மைக்குப் பாயும் குளத்து நீரே நமது குசினிக்கும் வருகின்றது என்பதை நாம் மறத்தலாகாது. கிணற்று நீராயினும் குழாய் நீராயினும் அது நமக்கு மட்டும் உரியதன்று.

ஒரு துளியின் கணக்கு

"சொட்டுத் தண்ணீர்தானே!" என்று அலட்சியம் செய்வோர் ஒரு சிறு பரிசோதனையைச் செய்து பார்க்கலாம். மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சியுமாகும். ஒழுகும் குழாயின் கீழே 1 லீற்றர் போத்தல் ஒன்றை வைத்து, அது நிறைய எவ்வளவு நேரம் செல்கின்றதென்று கடிகாரத்தைப் பாருங்கள். 1 மணித்தியாலத்தில் நிறைந்தால், ஒரு நாளைக்கு 24 லீற்றர். ஓர் ஆண்டுக்கு 8,760 லீற்றர். 500 லீற்றர் கொள்ளும் தாங்கியொன்றைப் பதினேழு தடவை நிரப்பும் நீர் அது! சபையின் நீராயின் அதற்குப் பணம் கட்டுகின்றோம். கிணற்று நீராயின் மின்சாரத்துக்குப் பணம் கட்டி, நமது காலடியிலுள்ள நன்னீரையும் வீணே குறைக்கின்றோம்.

கண்ணுக்குத் தெரியாத ஒழுக்கையும் கண்டுபிடிக்க வழியுண்டு. இரவு படுக்கச் செல்லுமுன் எல்லாக் குழாய்களையும் மூடி, தாங்கிக்கு நீர் செல்லும் வால்வையும் மூடிவிட்டு, நீர் மீற்றரின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எவரும் நீரைத் திறவாதிருந்தும் காலையில் இலக்கம் மாறியிருந்தால் மீற்றருக்கும் வீட்டுக்கும் இடையில் எங்கோ ஒழுக்கு உண்டு. மலசலகூடத்தின் நீர்ப்பெட்டியில் ஒழுக்கு இருப்பதாக ஐயமேற்பட்டால், பெட்டியினுள் சிறிது நீலமையை ஊற்றிக் கால் மணித்தியாலம் காத்திருங்கள். எவரும் நீரை இழுத்துவிடாத வேளையிலும் கீழேயுள்ள கோப்பையில் நீலம் தோன்றினால், அடைப்பான் தேய்ந்துவிட்டது என்பது பொருள்.

நாமே செய்யத்தக்கவை

கண்ணால் காணக்கூடியதும், வால்வை மூடி நீரை நிறுத்தக்கூடியதும், பிழைத்தால் மீண்டும் கழற்றிச் சரிசெய்யக்கூடியதுமான வேலையை நாமே செய்யலாம். அத்தகைய வேலையில் தவறு நேர்ந்தால் நமது தரைதான் நனையும்.

இவற்றுள் முதலாவது குழாயின் வாசரை மாற்றுதல். முதலில் நீரை நிறுத்தும் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து எஞ்சிய நீரை வடியவிடுங்கள். கீழே தொட்டியின் துவாரத்தை ஒரு துணியால் அடையுங்கள். சிறு திருகாணி உள்ளே விழுந்து மறைவதை இது தடுக்கும். பின்னர் ஸ்பனரால் குழாயின் தலைப்பகுதியை இடப்புறமாகத் திருகிக் கழற்றினால், தண்டின் நுனியிலே தேய்ந்துபோன இறப்பர் வாசரைக் காணலாம். அதனையே கடைக்கு எடுத்துச் சென்று அதே அளவில் புதியது வாங்குங்கள். வாசர் அமரும் இருக்கையில் கல்லோ சுண்ணாம்புப் படிவோ இருந்தால் துடைத்துவிடுங்கள். பூட்டியபின் அளவோடு இறுக்குதல் போதுமானது. ஒழுகும் குழாயைப் பலங்கொண்டு திருகி மூடுவது நம்மவர் வழக்கம். அதனால் இறப்பர் நசுங்கி, ஒழுக்கு மேலும் பெருகுமேயன்றிக் குறையாது. கால் சுற்றில் திறந்து மூடும் புதுவகைக் குழாய்களில் இறப்பர் வாசருக்குப் பதிலாகப் பீங்கான் தட்டுகள் உண்டு. அவற்றில் உட்பாகம் முழுவதையுமே மாற்ற வேண்டும்.

இரண்டாவது, திருகுமரை உள்ள பொருத்துக்களில் ஒழுக்கை நிறுத்துதல். ரெப்லோன் ரேப் என்று கடையில் கிடைக்கும் வெண்ணிற நாடாவை, மரை இறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் பூட்டும்போது அது சுருண்டு வெளியே வந்துவிடும்.

மூன்றாவது, பாத்திரங் கழுவும் தொட்டியின் அடைப்பை நீக்குதல். தொட்டியின் அடியிலே பாம்பு போல் வளைந்த குழாய்ப் பகுதி ஒன்றுண்டு. அதன் கீழே வாளியை வைத்துக் கையாலேயே திருகிக் கழற்றி, அழுக்கை அகற்றி, மீண்டும் பூட்டலாம். ஆனால் அந்த வளைவை நீக்கிவிட்டு நேர்க்குழாய் பொருத்துவது பெருந்தவறு. வளைவிலே எப்போதும் தங்கி நிற்கும் சிறிதளவு நீர்தான் கழிவுக்குழாயின் துர்வாயுவும் கரப்பானும் வீட்டினுள் வராதபடி காவல் செய்கின்றது. 1775இல் அலெக்சாண்டர் கமிங் என்ற ஸ்கொத்லாந்துக் கடிகாரத் தொழிலாளி மலகூடக் கோப்பைக்கு இவ்வகை வளைவை அமைத்து ஆக்கவுரிமை பெற்றார். அச்சிறு வளைவு இன்றுவரை நம்மைக் காத்து வருகின்றது.

நான்காவது, வெளியே தெரியும் பி.வி.சி. குழாயின் வெடிப்பை மாற்றுதல். இதற்குரிய பசை சாதாரணப் பசையன்று. அது பிளாஸ்ரிக்கை இளகச் செய்து இரு பாகங்களையும் ஒன்றாக்குகின்றது. ஆதலின் ஈரமும் மணலும் இல்லாமல் துடைத்து, பூசியவுடன் செருகிக் கால் சுற்றுத் திருப்பி, சிறிது நேரம் அசையாது பிடித்துக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டு உடனே நீரைத் திறப்போர் மறுநாள் அதே வேலையைத் திரும்பச் செய்வர். பசையின் ஆவி தீப்பற்றக்கூடியதாகையால் அடுப்புக்கு அருகே இவ்வேலை ஆகாது.

மேல்மாடிக் குழாயில் நீர் மெல்ல வருகின்றதென்று குறைபடுவோர், குழாயைக் குற்றஞ் சாட்டுமுன் தாங்கியின் உயரத்தைப் பார்க்கட்டும். 10 மீற்றர் உயரமான நீர்நிரலே ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கத்தைத் தருகின்றது. குழாய்க்கு 2 மீற்றர் மேலே தாங்கியிருந்தால் அதில் ஐந்திலொரு பங்கே கிடைக்கும். பரீட்சைத் தாளில் அமுக்கத்தைப் பற்றி அழகாக விடையெழுதும் மாணவர் சிலர், தம் வீட்டுக் குழாயில் அதே விதி செயற்படுவதைக் கவனிப்பதில்லை. இவ்வேலைகளை ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமன்றிப் பெண்பிள்ளைகளுக்கும் கற்பித்தல் வேண்டும். ஸ்பனருக்கு ஆண் பெண் வேறுபாடு தெரியாது.

கை வைக்கலாகாதவை

தவறின் விளைவு நமது தரையை நனைப்பதோடு நில்லாது, உயிரையோ அயலவரின் நீரையோ பாதிக்குமாயின், அங்கே நமது கை நின்றுவிட வேண்டும்.

மின்சாரமும் நீரும் சேருமிடம் அத்தகையது. மோட்டாரின் மின்னிணைப்பு, நீர் சூடாக்கும் கருவி என்பவற்றை மின்தொழில் கற்றவரே தொடவேண்டும். பழைய வீடுகள் சிலவற்றில் இரும்பு நீர்க்குழாயையே மின்சாரத்தின் புவியிணைப்பாகப் பயன்படுத்தியிருப்பர். கடற்காற்றில் துருப்பிடித்த அக்குழாயின் ஒரு துண்டை வெட்டி பி.வி.சி. குழாயைப் பொருத்தினால், நீர் தடையின்றி ஓடும்; புவியிணைப்போ அற்றுவிடும். அதனை எவரும் உணரார், ஒருவர் அதிர்ச்சிக்கு உள்ளாகும் வரை.

மலசலகூடக் குழியும் கிணறும் இரண்டாவது இடம். குழியில் தேங்கும் நச்சுவாயு, உள்ளே இறங்கியவரை நொடியில் மயங்கச் செய்யும். அவரைக் காப்பாற்ற இறங்குபவரையும் அது விடாது. எண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி ஓட்டுவதும் அத்தகைய ஆபத்தே. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை.

மூன்றாவது, நிலத்துக்குள்ளே மறைந்த கழிவுக்குழாய். கழிவுக்குழியும் கிணறும் குறைந்தது 50 அடியேனும், அதாவது 15 மீற்றரேனும் விலகியிருத்தல் வேண்டுமென்பது நம் நாட்டிற் பொதுவாகக் கூறப்படும் அளவு. நீர் விரைந்து ஊடுருவும் மணல் நிலத்திலே இன்னும் விலகியிருத்தல் நன்று. வளவுகள் சிறுத்து வீடுகள் நெருங்கிய நமது ஊர்களிலே, வெடித்த கழிவுக்குழாய் ஒன்றை அரைகுறையாக ஒட்டி மணலால் மூடினால், அதன் பயனை அடுத்த வீட்டுக் குழந்தை அனுபவிக்க நேரும். 1854இல் இலண்டனின் புரோட் வீதியில் கொலரா பரவி அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கிருந்த பொது நீர்ப்பம்பியே காரணமென்று வைத்தியர் ஜோன் சினோ எடுத்துக்காட்டினார். பின்னர் தோண்டிப் பார்த்தபோது, அந்தக் கிணற்றிலிருந்து 3 அடிக்கும் குறைந்த தூரத்தில், ஒரு வீட்டின் சிதைந்த கழிவுக்குழி கசிந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டின் பழுது ஒரு தெருவின் மரணமாயிற்று!

நான்காவது, சபையின் குழாய். மீற்றர் வரையிலான பகுதி சபைக்குரியது. அதிலே ஒழுக்கைக் கண்டால் 1939 என்ற இலக்கத்துக்கு அறிவிப்பதே முறை. நீர் போதாதென்று பொதுக்குழாயில் நேரே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுவோரும் உளர். உறிஞ்சும்போது குழாயினுள் அமுக்கம் குறைகின்றது. வெடிப்புகளின் வழியே வெளியிலுள்ள அழுக்குநீர் உள்ளே இழுபடுகின்றது. அந்நீரை அத்தெரு முழுவதும் பருக நேரும்.

2004 புகட்டிய பாடம்

நல்லெண்ணமும் உழைப்பும் இருந்தால் மட்டும் போதாது, நீரின் இயல்பை அறிந்த அறிவும் வேண்டுமென்பதற்கு நமது கரையே சான்று. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த கடல், எழுவான்கரையின் கிணறுகளை உவர்நீரால் நிரப்பிச் சென்றது. உயிரிழப்பின் துயரத்திடையே குடிநீர்த் துயரமும் சேர்ந்தது. மக்களும் உதவ வந்தோரும் கிணறுகளை மோட்டார் வைத்து இறைத்தனர். ஒருமுறை இறைத்தும் உப்புக் குறையாதபோது, மீண்டும் மீண்டும் இறைத்தனர். அழுக்கான பாத்திரத்தைப் பலமுறை கழுவுவது போன்றதே இதுவும் என்று எவரும் எண்ணுவது இயல்புதான்.

ஆனால் கிணறு பாத்திரமன்று. இறைக்குந்தோறும் மெல்லிய நன்னீர்ப் படை குறைந்தது. சில இடங்களிலே கீழிருந்த உவர்நீர் மேலேறியது. பின்னர் ஆராய்ந்த நிலத்தடி நீரியல் அறிஞர், திரும்பத் திரும்ப இறைப்பது பயன் தராதென்றும், தீங்கும் விளைக்கக்கூடுமென்றும் கண்டனர். சேறும் குப்பையும் அகல அளவோடு இறைத்தபின், கிணற்றை ஓய்வாக விட்டுவிடுவதே தக்கது. உப்பைக் கீழே தள்ளியவை மோட்டார்களல்ல. அடுத்தடுத்து வந்த பருவமழைகளே. செய்வதறிந்து செய்தல் எவ்வளவு சிறப்போ, செய்யாதிருக்க அறிதலும் அவ்வளவு சிறப்பு.

கைத்தொழிலும் கௌரவமும்

இனி, அழைக்கப்படும் தொழிலாளரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளம்பர் என்ற ஆங்கிலப் பெயர் ஈயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. உரோமர் ஈயக் குழாய்களினால் நீரைக் கொண்டுசென்றனர். கி.பி. 97இல் உரோமாபுரியின் நீர் வழங்கலுக்குப் பொறுப்பேற்ற புரொன்ரீனஸ் என்பவர், பொதுக்குழாய்களை இரகசியமாகத் துளைத்து நீரைத் திருடுவோரைப் பற்றி முறையிட்டு எழுதியுள்ளார். குழாயின் வரலாறு பழையது. குழாயைப் பற்றிய முறைப்பாடும் அத்துணைப் பழையதே!

நம்மிடையே ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. வைத்தியர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்கும் பணத்தை மறுபேச்சின்றிக் கொடுக்கின்றோம். சுவரினுள் மறைந்த ஒழுக்கைக் காதால் கேட்டும் கையால் தடவியும் ஐந்து நிமிடத்தில் கண்டறியும் தொழிலாளியிடம், "இதற்கா இவ்வளவு?" என்று கேட்கின்றோம். நாம் கொடுப்பது அந்த ஐந்து நிமிடத்துக்கான விலையன்று. அவ்வாறு ஐந்து நிமிடத்தில் கண்டறிவதற்கு அவர் கற்ற ஆண்டுகளுக்கான விலை அது.

நமது நாட்டிலே இத்தொழிலுக்குத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் உண்டு. தொழினுட்பக் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் பயிற்சி அளிக்கின்றன. பள்ளிக்குச் செல்லாது அனுபவத்தால் கற்றவரும், தம் திறமையைச் செய்து காட்டி அத்தகைமையைப் பெற வழியுண்டு. ஆயினும் பரீட்சையில் புள்ளி குறைந்த பிள்ளையை "பைப் பூட்டத்தான் லாயக்கு" என்று ஏசும் பெற்றோர் இன்னும் உளர். அந்த ஏச்சினால் பிள்ளையும் சிறுமைப்படுகின்றான், தொழிலும் சிறுமைப்படுகின்றது. பின்னர் குழாய் வெடித்த நாளிலே ஊர் முழுவதும் ஆளைத் தேடி அலைபவர்களும் அவர்களே.

ஆளை அழைக்கும்போது மூன்று காரியங்களை மறவாதிருத்தல் நன்று. வேலையையும் கூலியையும் முன்னரே பேசிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டும்படி கேளுங்கள். அவர் வேலை செய்யும்போது பிள்ளைகளை அருகே நின்று பார்க்கச் செய்யுங்கள். சிறு பழுதை நாமே திருத்தப் பழகியவருக்குத்தான் பெரிய பழுதைத் திருத்துபவரின் அருமை விளங்கும்.

ஐப்பசி பிறந்து மாரிமழை தொடங்குமுன் வீட்டின் குழாய்களையும் கழிவுவாய்க்கால்களையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தல் எல்லாக் குடும்பங்களுக்கும் ஏற்ற வழக்கமாகும். வெள்ளம் வந்தபின் திருத்த முடியாதவை பல உண்டு. நீரை நிறுத்தும் வால்வு எங்கேயிருக்கின்றதென்று வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். ஒரு ஸ்பனர், ஒரு திருகாணிச் செலுத்தி, சில வாசர்கள், ஒரு சுருள் நாடா ஆகியவற்றை ஒரு பெட்டியில் இட்டு வையுங்கள். அதன் மூடியின் உட்புறத்திலே நம்பிக்கையான தொழிலாளி ஒருவரின் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி ஒட்டுங்கள். பெட்டியும் இலக்கமும் ஆகிய இரண்டும் இருக்கும் வீட்டில், ஒழுகும் குழாயின் கீழே வாளி வைக்கும் தேவை நீண்ட நாள் இராது.